போகலாம்... திரும்பி வரக் கூடாது!

கார்த்திகை அடைமழையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் வழியில், கடலுக்குப் பக்கத்துக் கடைமடை ஊர். அத்தான் குடையோடு வாய்க்கால் கரையில் நின்றிருந்தார். சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது. ஷட்டரைத் திறந்தால் வடியும். ஆனால், கடல் ஏறியிருந்ததால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

“அடைச்சா பயிர் அழுகுது, தொறந்தா உப்பு ஏறுது. எதுல நஷ்டம் கம்மின்னு பாத்துப் பாத்தே வயசாயிடுச்சு மாப்ள!”

வீட்டுக்குள்ளே அக்கா மகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பி.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். “செமினார்ல ‘அயான் பேக்ஃப்ளோ’ன்னு ஒரு டாபிக் மாமா. படிச்சுட்டேன், புரியலை.”

“உங்கப்பா ஷட்டர்கிட்ட நின்னு கவலைப்படுறாரே, அதேதான்” என்றேன். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜெனீவா பக்கம் ‘செர்ன்’ ஆய்வகம். 2004-ல் இந்தியா பரிசளித்த நடராஜர் சிலை நிற்கிறதே, அதே இடம். அங்கே ஈய அணுக்கருக்களை மோதவிட்டு ஆராயும் சோதனைக்கு ‘ஆலிஸ்’ என்று பெயர். அதில் 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் விட்டத்தில் ஒரு பெரிய வாயு உருளை. மோதலில் சிதறும் துகள்கள் அந்த வாயுவுக்குள் ஓடும்போது, வழியெல்லாம் எலக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். மின்புலம் அவற்றை உருளையின் முனைகளுக்கு இழுத்து வரும். எங்கே, எப்போது வந்து சேர்ந்தன என்று பார்த்தால், துகள் போன பாதையை வரைந்துவிடலாம்.

ஒற்றை எலக்ட்ரானின் சிக்னல் மிகச் சிறியது. அதனால் முனையில் அதைப் பெருக்குகிறார்கள். ஒன்று சுமார் 2,000 ஆகிறது. இங்கேதான் வினை. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு எலக்ட்ரானும், தன் பின்னால் ஓர் அயனியை விட்டுவிடுகிறது. அயனி என்பது எலக்ட்ரானை இழந்த அணு. நேர்மின்சுமை உள்ளது என்பதால், எதிர்த்திசையில் உருளைக்குள்ளேயே திரும்பும். எலக்ட்ரான் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரத்துக்கு, அயனிக்கு 0.16 நொடி வேண்டும். ஆமை நடை! அதனால் கூட்டம் சேரும். அந்தக் கூட்டத்தின் மின்சுமை, அடுத்து வரும் எலக்ட்ரான்களின் பாதையை வளைத்துவிடும். துகள் போனது ஓரிடம், படத்தில் தெரிவது வேறிடம்.

ஒளியைப் பிடிக்கும் வாயுக் கருவிகளில் இன்னும் மோசம். திரும்பும் அயனிகள் ஒளி உணரும் பூச்சில் மோதி, நாளடைவில் அதையே கெடுத்துவிடும்.

பழைய ஆலிஸில் இதற்குக் கம்பிகளாலான ஒரு கதவு இருந்தது. எலக்ட்ரான் வரும்போது திறக்கும். பிறகு மூடி அயனிகளைத் தடுக்கும். அச்சு அசல் அத்தானின் ஷட்டர்தான். ஆனால் மூடியிருக்கும் நேரத்தில் நடக்கும் மோதல்கள் நஷ்டம். நொடிக்குச் சில ஆயிரம் மோதல்கள் வரை அது தாங்கும். விஞ்ஞானிகள் கேட்டதோ 50,000. மூடவே நேரமில்லை!

அதற்குக் கிடைத்த வழி, 1997-ல் ஃபேபியோ சௌலி அறிமுகப்படுத்திய ‘ஜெம்’ தாள். 50 மைக்ரான் தடிப் பிளாஸ்டிக், இருபுறமும் செம்புப் பூச்சு, உடம்பெல்லாம் ஊசித் துளைகளைவிட நுண்ணிய துளைகள். இதில் நான்கை அடுக்கினார்கள். மேல் தாளின் துளைக்கு நேர்கீழே அடுத்த தாளின் துளை வராதபடி வைத்தார்கள். பெருக்கத்தில் பெரும்பங்கைக் கடைசித் தாளில் நடத்தினார்கள். அங்கே பிறக்கும் அயனி மேலே போகப் பார்க்கும். வழியிலுள்ள தாள்களின் செம்பில் முட்டி அடங்கிவிடும். கதவே இல்லை, ஆனால் நேர்வழியும் இல்லை. நூறு அயனிகளில் ஒன்றுகூடத் திரும்புவதில்லை.

“அப்போ நாலு தாளையும் இன்னும் இறுக்கி, சுத்தமா நிறுத்திடலாமே மாமா?”

அங்கேதான் அத்தானின் கணக்கு வருகிறது. அயனியைத் தடுக்க மேல் தாள்களின் மின்னழுத்தத்தைக் குறைத்தால், வரும் எலக்ட்ரான்களில் சிலவும் அங்கேயே தொலையும். துகளின் ஆற்றலை அளப்பதில் துல்லியம் போகும். இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில்தான் நிற்க முடியும். ஒரு சதவிகிதத்துக்குக் குறைவு என்றாலும், உள்ளே வந்த ஓர் எலக்ட்ரானுக்குச் சுமார் 20 அயனிகள் வரை திரும்பலாம். அவை பாதையைச் சென்டிமீட்டர் கணக்கில்கூட நகர்த்தும். எவ்வளவு நகர்ந்தது என்று தொடர்ந்து அளந்து, கம்ப்யூட்டரில் திருத்திவிடுகிறார்கள். 2022 முதல் புதிய ஆலிஸ் இப்படித்தான் ஓடுகிறது.

நம் ஆட்களும் இதில் உண்டு. கொல்கத்தாவின் சாஹா அணு இயற்பியல் நிறுவனத்தார், இந்த அயனித் திரும்பலைக் கணினியில் கணக்கிட்டும் சோதனையில் அளந்தும் வந்திருக்கிறார்கள்.

பேசி முடிப்பதற்குள் அத்தான் நனைந்தபடி வந்தார். கடல் இறங்கியதும் ஷட்டரைத் திறந்தாயிற்றாம். “கொஞ்சம் உப்பு ஏறியிருக்கும்ல?” என்றேன்.

“ஏறாம இருக்குமா? காலையில வாயில ஊத்திப் பாத்தா எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். அதுக்குத் தக்கன ஆத்துத் தண்ணி பாய்ச்சிக்க வேண்டியதுதான்.”

அக்கா மகள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.