சஹர் நேரத்துத் தாயிரா

மதீனாவில் உறங்குவோரை எழுப்ப பிலால் (ரலி) அவர்கள் இரவிலேயே பாங்கு சொன்னார்கள். விருத்தாசலத்தில் என் பிள்ளைப் பருவத்தில் அப்பணி பக்கீர்சாவினுடையது. பீங்கான் சூளையில் உழைத்து அயர்ந்துறங்குவோர் நிறைந்த தெரு எங்களுடையது. முன்னே சிறுவன் ஒருவன் அரிக்கேன் விளக்கேந்த, அவர் தாயிரா தட்டிப் பாடி வருவார். விளக்கெரியாத வாசலில் நின்று, உள்ளிருந்து குரல் வரும்வரை நகரமாட்டார். தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவர் ஓரிரவு குரல் கொடுக்கவில்லை. பக்கீர்சா எங்களை எழுப்பினார். காய்ச்சலில் கிடந்தவருக்கு என் தாயார் கஞ்சி கொண்டு சென்றார்கள்.

கைப்பேசி நிமிடம் தவறுவதில்லை. பக்கீர்சாவோ முந்தி வந்து உறக்கத்தைக் கெடுத்ததும் உண்டு! ஆயினும் அடுத்த வீட்டில் விளக்கெரியாததைக் கைப்பேசி அறியாது. தனித்திருக்கும் முதியோரின் கதவை ரமலானில் யார் தட்டுவது என்பதை, பிறை பார்க்குமுன்பே ஒவ்வொரு ஜமாஅத்தும் முடிவு செய்யலாகாதா?