ரெண்டாயிரம் ரூவா ஹெட்போனும் எங்கப்பாவோட வலது காதும்

மக்கா, "ஹெட்போன் வாங்கணும், எது நல்லதுன்னு சொல்லு"ன்னு இந்த ரெண்டு மாசத்துல நாலு பேரு கேட்டாச்சு. சாஃப்ட்வேர்ல வேலை பாக்குறவனுக்கு இன்வெர்ட்டர்ல இருந்து மிக்ஸி வரைக்கும் எல்லாம் தெரியும்னு திசையன்விளையில ஒரு நம்பிக்கை. போன்ல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுனால இங்கயே எழுதிப் போடுறேன். இனிமே யாராவது கேட்டா சுட்டிய அனுப்பிட்டுப் போயிக்கிட்டே இருக்கலாம் :-)

(ஓசியில வந்த ஹெட்போன் ஒண்ணுகூட கிடையாது. எல்லாம் சொந்தக் காசு, சொந்த வயித்தெரிச்சல்.)

மொதல்ல ஒரு குழப்பம். காதை முழுசா உள்ள வாங்கி, சுத்தி உக்காருறது ஓவர் இயர். காது மடல் மேல அமுக்கி உக்காருறது ஆன் இயர். கடையில ரெண்டுக்கும் ஒரே பேருதான். படத்துல பாத்தா வித்தியாசம் தெரியாது. போட் கம்பெனியோட ராக்கர்ஸ் 450 ஆன் இயர், 550 ஓவர் இயர். சோனியில சிஹெச்520 ஆன் இயர், சிஹெச்720என் ஓவர் இயர். நம்பர்ல இருக்க வித்தியாசத்தைப் பாக்காம வாங்கிட்டு, "ஒரு மணி நேரத்துல காது வலிக்குதுல"ன்னு வந்து நின்னவங்க ரெண்டு பேரு. அதுலயும் கண்ணாடி போட்டவங்கன்னா அரை மணி நேரம்கூடத் தாங்காது. வீட்ல உக்காந்து நாள் முழுக்க வேலை பாக்குறவங்க ஓவர் இயர்தான் வாங்கணும், இதுல எனக்கு ரெண்டு கருத்தே கிடையாது.

அடுத்து, அட்டைப்பெட்டி. அதுல போட்டிருக்கதுல முக்காவாசி நமக்கு ஒண்ணும் சொல்லாது. "50 எம்எம் டிரைவர்"ன்னு பெருசா எழுதியிருப்பாங்க. ராக்கர்ஸ் 550ல 50 எம்எம்தான், ஆனா அதைவிட பல மடங்கு விலையுள்ள சிஹெச்720என்ல 30 எம்எம்தான். சைஸ வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்"ங்கிறது மனுசக் காதோட எல்லை, அந்த எல்லைக்குள்ள எந்த இடத்துல எவ்வளவு ஏத்தி எறக்கியிருக்காங்கன்னு சொல்லாத வரைக்கும் அது வெறும் அலங்காரம். ப்ளூடூத் 5.0, 5.3ன்னு நம்பர் ஏறுறதால பாட்டு நல்லாயிடாது. எல்லா ஹெட்போன்லயும் கண்டிப்பா இருக்க எஸ்பிசி கோடெக்கே விநாடிக்கு 328 கிலோபிட் வரைக்கும் போகும். எல்டேக் 990 வரைக்கும் போகும்னு பெருமையாச் சொல்லுவாங்க, சரிதான். ஆனா நம்ம கேக்குறது யூட்யூப்ல எவனோ கேசட்ல இருந்து ஏத்தின பாட்டு. அதுக்கு 990 எதுக்கு?

விலை கூடுனா சத்தம் நல்லாயிருக்குமா? 2017ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. ஜெரோன் ப்ரீபார்ட்டுங்கிறவர் 283 ஹெட்போன்களை அளந்து பாத்து, ஒலி அமைப்புக்கும் விலைக்கும் சம்பந்தம் இல்லைன்னு எழுதினார். கூடுதல் காசு சத்தம் இல்லாத வேற எதுக்கோதான் போகுது. படிச்சப்ப எனக்கு ஒரே சந்தோசம், ஏன்னா என்கிட்ட இருந்தது ரெண்டாயிரம்தான்.

வீடியோ மீட்டிங்ல இருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன். பாட்டு நல்லாக் கேக்குது, மைக்கை ஆன் பண்ணதும் எல்லாம் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடுதா? ஹெட்போன் கெட்டுப்போகலை. மைக் வேலை செய்ய ஆரம்பிச்சா ப்ளூடூத் போன்பேச்சு முறைக்கு மாறிடும். ஸ்டீரியோ போயி மோனோ ஆகும், தரமும் எறங்கும். லேப்டாப் மைக்கைத் தேர்வு பண்ணிட்டு ஹெட்போனைக் கேக்க மட்டும் வச்சுக்கோங்க, சரியாயிடும். இது தெரியாம ஒரு ஹெட்போனைத் திருப்பி அனுப்பின புத்திசாலி நான்தான்.

நம்ம ஊர் வெயிலை எந்தப் பெட்டியிலயும் எழுத மாட்டாங்க. தேரி மண்ணு கொதிக்கிற சித்திரையில, கரண்டு போனப்புறம், காதை மூடி ஒரு தோல் பை கட்டினா எப்படி இருக்கும்? அதான் ஓவர் இயர். மெத்தை தோல் மாதிரி இருக்கும், ஆனா தோல் இல்ல. வேர்வையில ஊறி ஒரு வருசத்துல கருப்புச் சருகா உதிரும். என்னோட மொத ஹெட்போன் அப்படித்தான் ஆச்சு, கன்னத்துல கரித்தூள் அப்பிக்கிட்டு மீட்டிங்குக்குப் போனேன். அந்தக் கம்பெனிக்கு மெத்தை மட்டும் கேட்டு எழுதினா, புது மாடல் வாங்கினா தள்ளுபடி தர்றோம்னு பதில் வந்துச்சு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி அந்த மாடலுக்கு மெத்தை தனியாக் கிடைக்குதான்னு தேடிப் பாருங்க. வயர் குத்துற ஓட்டை இருக்கான்னும் பாருங்க. பேட்டரி என்னைக்காவது சாகத்தான் போகுது, அன்னைக்கு வயர் போட்டாவது கேக்கலாம். சிஹெச்720என்ல அந்த ஓட்டை உண்டு, சிஹெச்520ல கிடையாது.

இனி அப்பா கதை.

எங்கப்பா சின்ன வயசுல ரேடியோ செட் வச்சிருந்தாங்க. கோயில் கொடை, சடங்கு, கல்யாணம், எல்லாத்துக்கும் வேப்ப மரத்துலயும் பனையிலயும் குழாய் கட்டிப் பாட்டு போடுற வேலை. உவரி, இட்டமொழி, நவ்வலடின்னு சுத்தாத ஊரு கிடையாது. ரிக்கார்டு மாத்தணும், வில்லுப்பாட்டுக்காரங்களுக்கு மைக் வச்சுக் கொடுக்கணும், அதனால ராத்திரி பூரா செட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கணும். குழாய் தலைக்கு மேல கத்திக்கிட்டிருக்கும். இப்ப டிவிய சத்தமா வைப்பாங்க, கூப்பிட்டா சில நேரம் திரும்ப மாட்டாங்க. வயசாயிட்டுன்னு விட்டுட்டோம்.

போன பொங்கலுக்கு அவங்களுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்தேன். ப்ரியா படப் பாட்டைப் போட்டேன். 1978ல வந்த படம், இளையராஜா ஸ்டீரியோவுல ஒலிப்பதிவு பண்ணினது. அந்தப் பாட்டை அப்பா நூறு கொடையில போட்டிருப்பாங்க. ரெண்டு நிமிசம் கேட்டாங்க. கழட்டிட்டு, "என்னலே, பாதிப் பாட்டுதான் வருது. ரெண்டாயிரத்துக்குப் பாதிதான் குடுப்பானா?"ன்னாங்க.

வலது பக்க ஸ்பீக்கர் போச்சுன்னுதான் நெனச்சேன். நமக்குத்தான் டீபக் பண்ற புத்தி இருக்கே, ஹெட்போனைத் திருப்பி மாட்டி விட்டேன். ஸ்பீக்கர் கெட்டிருந்தா இப்ப இடது காதுல கேக்கக் கூடாது. ஆனா அப்பவும் வலது காதுலதான் இல்லைன்னாங்க. முன்னாடி கேக்காத வாத்தியம் இப்ப கேக்குது, முன்னாடி கேட்டது இல்லாமப் போச்சு. எனக்கு வயித்தைப் பெசைஞ்சுட்டு. அப்பாகிட்ட, "நாளைக்குத் திருநெல்வேலி போயி ஒரு டாக்டரைப் பாப்போம்பா"ன்னு மட்டும் சொன்னேன்.

டாக்டர் காதை அளந்து ஒரு வரைபடம் கொடுத்தாங்க. ரெண்டு காதுலயும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், வலது காதுல ரொம்ப ஆழம். பாத்ததும், "என்ன வேலை பாத்தீங்க?"ன்னு கேட்டாங்க. அளவுக்கு மீறின சத்தம் விட்டுட்டுப் போற தடயம் அப்படித்தான் இருக்குமாம். வலதுல மட்டும் கூடுதலா இருக்கதுக்கு வேற நோய் ஏதும் இருக்கான்னும் பாத்தாங்க, இல்ல. உள்காதுல இருக்க நுண்முடி செல்லு செத்தா திரும்ப முளைக்காது, இருக்கதைக் காப்பாத்திக்கணும்னாங்க. குழாய்ல வந்ததெல்லாம் மோனோ, எந்தக் காதுக்கும் முழுப் பாட்டும் கெடைச்சுது. ஹெட்போன் இடதையும் வலதையும் பிரிச்சுக் குடுத்தப்பதான் குறை வெளிய தெரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் நான் ஹெட்போனைப் பாக்குற விதமே மாறுச்சு. அதுவரைக்கும், மூவாயிரம் ரூவாய்க்குக் கீழ இருக்க நாய்ஸ் கேன்சலேஷன் எல்லாம் ஏமாத்து வேலைன்னு பேசிக்கிட்டுத் திரிஞ்சேன். வெளிச் சத்தத்தை மைக்ல வாங்கி, அதைத் தலைகீழாக் கவுத்துப் போடுறதுதான் அந்த வித்தை. விட்டுவிட்டு வர்ற ஹாரனையும் பேச்சையும் அது பெருசா ஒண்ணும் பண்ணாது. ஒரே மாதிரி உறுமுற தாழ்ந்த சத்தத்தைத்தான் குறைக்கும். எங்க ஊர் மேல்காத்துல உவரி கடற்கரையில ஆன் பண்ணினீங்கன்னா, மைக்ல காத்து அடிச்சு இல்லாத இடியெல்லாம் இடிக்கும். ஒருநாள் பஸ்ல போறப்ப கவனிச்சேன். சும்மா கேட்டா பதினஞ்சு படியில பன்னெண்டு வைக்க வேண்டியிருக்கு, ஆன் பண்ணினா எட்டு போதும். எஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேக்கத்தான் நாம ஏத்துறோம். சத்தம் 3 டெசிபல் கூடினா காது தாங்குற நேரம் பாதியாக் குறையும். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம், 90ன்னா வெறும் 4 மணி நேரம். தினமும் பஸ்ல ரெண்டு மணி நேரம் போற காலேஜ் பையன் ரெண்டாவது நாளே கோட்டாவை முடிச்சிருவான். அதனால முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். தினமும் பஸ்ல போறவங்க கொஞ்சம் கூடக் கொடுத்தாவது அது உள்ளதை வாங்குங்க. வீட்டுக்குள்ள கேக்குறவங்களுக்கு வேண்டாம்.

"எக்ஸ்ட்ரா பாஸ்"னு போட்டு விக்கிறாங்களே, அதைத்தான் எனக்குப் பிடிக்கவே இல்ல. தாழ்ந்த சத்தம் அதுக்கு மேல இருக்க சத்தத்தை மூடிரும். குரல் கேக்கலைன்னு நாம வால்யூமை ஏத்துவோம், அப்ப தொம்முதொம்மும் சேந்து ஏறும். போன்ல ஈக்வலைசர் இருந்தா 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் நாலு டெசிபல் எறக்கிப் பாருங்க. வாலியோட வரி புரியும்.

அப்பா போன்ல மோனோ ஆடியோவை ஆன் பண்ணி விட்டேன் (செட்டிங்ஸ்ல ஆக்சசிபிலிட்டிக்குள்ள இருக்கு, ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலயும்). பாஸைக் குறைச்சேன், வால்யூமைப் பாதிக்கு மேல போகாமக் கட்டிப் போட்டேன். அதே ப்ரியா பாட்டு. இந்தத் தடவை முழுசாக் கேட்டாங்க. "இப்ப சரியா இருக்கு. ஆனா கொடையில போட்ட மாதிரி எடுப்பா இல்லலே"ன்னாங்க.

வால்யூமை ஏத்தச் சொல்லி இன்னமும் தினம் ஒரு சண்டை நடக்கு. நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்குப் பாத்தா, ஹெட்போனை மாட்டின மேனிக்கே தூங்கிட்டாங்க.