இறைச்சியில குத்துற சீலுக்கு என்ன பெறுமதி?

மாட்டிறைச்சிக் கடையைக் குத்தகைக்கு விடும்போது பிரதேச சபைக்கு இறைச்சி எண்டால் வருமானம். அதே இறைச்சியைப் பரிசோதிக்க ஆள் வேணும் எண்டு கேட்டால் மட்டும் அது செலவாகிவிடுகிறது. ஆளணி இல்லை, வாகனம் இல்லை எண்டு கையை விரிக்கினம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1893ஆம் ஆண்டின் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் இருக்கு, 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் இருக்கு. ஆனால் மாடு விடியமுன்னம் அறுபடுகிறது. டெங்கு எண்டாலும் பி.எச்.ஐ, சாப்பாட்டுக்கடை எண்டாலும் பி.எச்.ஐ, பள்ளிக்கூட மலசலகூடம் எண்டாலும் பி.எச்.ஐ. அந்த மனிசன் எத்தனை இடத்திலதான் நிக்கிறது?

பரிசோதனை எண்டால் தொடையில சீல் குத்துறது இல்லை. மாடு உயிரோட நிக்கேக்க பார்க்கவேணும்: நடக்குதா, காய்ச்சலா, மூக்கு ஒழுகுதா. அறுத்த பிறகு நுரையீரல், ஈரல், நிணநீர்க் கணுக்களை வெட்டிப் பார்க்கவேணும். காசநோயும் நீர்க்கட்டிப் புழுவும் அங்கேதான் பிடிபடும். குடலும் ஈரலும் எங்கேயோ போன பிறகு வந்து, தொங்குகிற சதையில குத்துற சீல் வெறும் மை. அப்படிப்பட்ட பரிசோதனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது வீண்செலவுதான்.

"அப்ப செலவைக் கடைக்காரனே கட்டட்டும்" எண்டு சிலர் சுலபமாகச் சொல்லுவினம். பிரித்தானியா அதைச் செய்து பார்த்தது. 1995இல் உள்ளூர் சபைகளிடமிருந்த வேலையை எடுத்து இறைச்சிச் சுகாதாரச் சேவை எண்டு ஒரே நிறுவனத்திடம் கொடுத்தார்கள். பரிசோதகர் நிண்ட மணித்தியாலத்துக்குக் காசு. ஒரு நாளைக்கு நாலைஞ்சு மாடு அறுக்கிற சின்னக் கொல்களங்களுக்கு அது கழுத்துக்கு வந்தது. பிறகு 2000இல் மெக்ளீன் குழு, தலைக்கு இவ்வளவு எண்ட கணக்கில கட்டணம் இருக்கட்டும் எண்டு பரிந்துரைத்தது. இங்கே மணித்தியாலக் கணக்குப் போட்டால் கடைக்காரர் கொல்களத்துக்கே வரமாட்டினம். பத்தைக்குப் பின்னால அறுப்பினம்.

ஆகவே தலைக்கு ஒரு கட்டணம். அந்தக் காசு சபையின் பொதுக் கணக்கில கரையாமல் பரிசோதனைக்கே போகட்டும். பக்கத்துப் பக்கத்து சபைகள் சேர்ந்து ஒரு நல்ல கொல்களத்தை வைத்திருக்கலாமே. மூண்டு மாட்டுக்கு ஒரு கொட்டில், தண்ணியும் இல்லை வடிகாலும் இல்லை எண்டு ஒவ்வொரு ஊரிலும் ஏன்?

2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது எங்கட ஆக்களும் வரிந்துகட்டிக்கொண்டு வாதிட்டினம். மாடு வெட்டலாமா கூடாதா எண்ட சண்டையில, வெட்டின இறைச்சி சுத்தமா எண்டு கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பங்குக் கிடாயைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதைப் பார்த்த பி.எச்.ஐயும் தன்ர பங்கை வாங்கத்தான் வந்திருப்பார்.

அடுத்த சபைக் கூட்டத்தில குத்தகைத் தொகையை வாசிக்கும்போது, போன வருசம் எத்தனை மாடு அறுபட்டது, எத்தனை ஈரல் கழிக்கப்பட்டது எண்டதையும் தவிசாளர் வாசிக்கட்டும். ஒண்டுமே கழிக்கப்படவில்லை எண்டால், அண்டைக்கு அங்கே நிண்டு பார்த்தது ஆர் எண்டு கேளுங்கோ.