பராமரிப்போருக்கும் ஒரு நடை

2023 நவம்பர் 4-ல் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் முதியோரை எட்டவில்லை. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் பாதை வகுத்தது நல்ல முயற்சிதான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தின் நார்த்தாமலை போன்ற ஊர்களில் பக்கவாதத்தில் படுத்த கணவரைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, மாத்திரை எண்ணிக் கொடுக்கும் அறுபது வயதுப் பெண்ணுக்குத் தூரமல்ல, வாசலைத் தாண்டுவதே பிரச்சினை. பாதம் தரையில் படுவதையும் மூச்சையும் கவனித்தபடி மெதுவாக நடப்பது மன அழுத்தத்தைத் தணிக்க உதவும்; அதற்குக் கருவியோ கட்டணமோ வேண்டாம். வேண்டியது மாற்றாள். அதை விட்டுவிட்டு 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்பது வெறும் உபசாரம். 2021 முதல் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நோயாளியின் ரத்த அழுத்தத்தோடு பராமரிப்பவரின் ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் பதிவுசெய்ய வேண்டும். வாரம் சில நாள், அரை மணி நேரமேனும் நோயாளியின் அருகில் இருக்க, பயிற்சி பெற்ற ஒருவரை ஊராட்சி ஊதியம் கொடுத்து அமர்த்த வேண்டும். நடக்கும் இடமும் முக்கியம்: நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரம் கோயிலுக்கு ஏறும் பாறைச் சரிவு மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. அடிவாரத்தில் நிழலும் உட்கார இடமும் உள்ள சமதளப் பாதையே போதும். இவற்றுக்கான நிதியை மாவட்ட நிர்வாகம் தாமதமின்றி ஒதுக்க வேண்டும்.