பிரேக்கில் ஏர் எடுக்கக் கற்போம்

இன்ஜின் ஆயிலுக்குக் காட்டும் அக்கறையை நம்மில் பலர் பிரேக் ஆயிலுக்குக் காட்டுவதில்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நெமிலியிலிருந்து ஏலகிரிக்குப் போய், 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், பழைய ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேரும் ஆபத்து உண்டு. திரவம் அழுந்தாது, ஆவி அழுந்தும். மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி ஏர் எடுப்பதை, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, வண்டிக்காரர்களே கற்க வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட வேலையை மெக்கானிக்கிடமே விடலாமே என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் இந்த வேலைக்கு வேண்டியது பொறுமை: ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே பிரேக்கில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு ஆயில் வந்ததும் மூட வேண்டும், அதன் பிறகே பெடலை விட வேண்டும். மேலே டப்பாவில் ஆயில் வற்றவே கூடாது. முதல் முறை அனுபவமுள்ள மெக்கானிக்கை அருகில் வைத்துச் செய்யுங்கள். பெடல் கல்லாக நிற்காவிட்டால் வண்டியைத் தெருவுக்கு எடுக்காதீர்கள். வேலையைக் கற்றவர், பட்டறைக்குப் போனாலும் சரியான கேள்வியைக் கேட்பார். அதுவே பெரிய பாதுகாப்பு.