கஞ்சி ஊற்றிய கையும் கூலியைக் குறைத்த கையும்

கொள்ளைநோய் வரும்போதெல்லாம் ஒரு வழக்கும் கூடவே வருகிறது. “கடல் தாண்டி வந்த பாதிரிகள் நோயாளியின் பாயருகே உட்கார்ந்து மதம் மாற்றுகிறார்கள்” என்று கூச்சலிடுகிறது ஒரு கூட்டம். “அவர்கள் தேவதூதர்கள், அவர்கள் வராவிட்டால் நாடே மடிந்திருக்கும்” என்று துதி பாடுகிறது இன்னொரு கூட்டம். ஒரு கேள்வியை மட்டும் இரண்டு கூட்டமும் கேட்பதில்லை. நோய் வந்த அன்று உழைப்பாளியின் வீட்டில் ஒரு படி அரிசிகூட ஏன் இல்லை?

தோழர்களே, ஆலையிலும் வயலிலும் உப்பளத்திலும் பாடுபடும் நாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உப்பளத்தருகே ஒரு கால்வாய்

கோட்டக்குப்பத்திலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம். ஆந்திரக் கரையோரமாக வந்து, சென்னையைத் தாண்டி, அந்த உப்பளப் பக்கத்தில்தான் முடிகிறது பக்கிங்காம் கால்வாய். மதராஸ் கவர்னராயிருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு. வெட்டியவர்கள் யார்? அதன் பல பகுதிகள் 1876 முதல் 1878 வரை, நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்ன அந்தக் கொடும் பஞ்சத்தில், எலும்பும் தோலுமான ஜனங்களைக் கொண்டு வெட்டப்பட்டவை.

காலரா கப்பலேறி உலகத்தைச் சுற்றிய நூற்றாண்டு அது. பஞ்சம் மெலியவைத்த உடம்பை வாந்திபேதி வந்து முடித்தது. லட்சக்கணக்கில் மாண்டார்கள். அப்போது சர்க்கார் என்ன செய்தது? 1877 ஜனவரி முதல் தேதி டில்லியில் விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டி தர்பார் நடத்தியது. ரிச்சர்ட் டெம்பிள் என்ற துரையை மதராஸ் ராஜதானிக்கு அனுப்பி, நிவாரண வேலையின் கூலியைக் குறைத்தது. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. கையில் ஒரு அணா. இது போதாது என்று சர்க்காரின் சொந்த சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷே எதிர்த்து எழுதினார்.

இந்தச் சமயத்தில்தான் ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்டு பாதிரி ஜான் கிளஃப் ஒரு காரியம் செய்தார். இதே கால்வாயில் மூன்று மைலுக்கு மேல் வெட்டும் கண்டிராக்டை அவரே எடுத்தார். வேலைக்கு வந்தவர்களில் மிகப் பலர் தோல் தொழில் செய்த மாதிகா ஜாதியினர். மற்ற இடங்களில் மேஸ்திரியின் வசவும் அடியும் கூலித் திருட்டும். இங்கே வேலையைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள் ஜாதியிலிருந்தே வந்த பிரசாரகர்கள்.

ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு, பஞ்சம் நீடித்த வரை, ஓராண்டுக்கு மேலாகக் கிளஃப் கொடுக்க மறுத்தார். சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பழி வரும் என்று அஞ்சினார். நிவாரணப் பணம் நின்றது. அப்போதும் ஜனங்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3-ம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் குண்டலகம்மா ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

“கஞ்சிக்கு மதம் மாறியவர்கள்” என்று ஏளனம் செய்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? கஞ்சி நின்ற பிறகும் வந்தவன் கஞ்சிக்காக வரவில்லை. தன்னை மனிதன் என்று ஒருவன் கூப்பிட்டதற்காக வந்தான். அப்படி யாரும் கூப்பிடாத ஊரைக் கட்டிக் காத்தவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆனால் ஞானஸ்நானம் நிலம் தரவில்லை. பண்ணையாரின் களத்தில் மரக்கால் மாறவில்லை. ஜாதி கோயிலுக்குள்ளும் நுழைந்தது. நம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறை. அங்கே 2008-ல் மூண்ட மோதலில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் மாண்டதை மறக்க முடியுமா? மதம் மாறிய தலித்துக்கு 1950-ம் ஆண்டு உத்தரவின்படி பட்டியல் ஜாதிச் சலுகையும் கிடையாது. ஜாதி கூடவே வருகிறது. சலுகை மட்டும் வருவதில்லை!

திண்டிவனத்தில் மூன்று சாவு

இன்னும் அருகே வருவோம். 1890-களில் திண்டிவனத்தில் ஸ்கடர் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர் இருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறு ஜாதி இந்து, அவருடைய மகள் ஐடாவைத் தேடி வந்தார்கள். பிரசவ வேதனையில் துடிக்கும் தங்கள் மனைவிமாரை ஆண் டாக்டர் தொடக்கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் தெரியாது. பொழுது விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தார்கள்.

ஐடா அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பினார். வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. அதைவிடப் பெரிய காரியம் 1918 ஆகஸ்டில் நடந்தது: நம் பெண்களையே டாக்டர்களாக்கும் பள்ளியைத் திறந்தார். அடுத்த மாதங்களில் விஷக் காய்ச்சல் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு போயிற்று. வெளியிலிருந்து வரும் ஒருவரின் இரக்கத்தை நம்பி ஒரு நாடு இருக்க முடியாது, ஊருக்கு ஊர் டாக்டர் வேண்டும் என்பதைத்தான் அந்தப் பள்ளியும் அந்தக் காய்ச்சலும் சேர்ந்து சொல்கின்றன. தர்மம் ஒரு வேலூரைத் தரலாம். எல்லாக் கிராமங்களுக்கும் ஆஸ்பத்திரி தர வேண்டியது சர்க்கார்.

யாரிடம் கணக்கு?

2020-ல் கொரோனா வந்தது. மார்ச் 24 இரவு எட்டு மணிக்குச் சொல்லி நள்ளிரவில் நாட்டைப் பூட்டினார்கள். கூலிக்காரன் நூற்றுக்கணக்கான மைல் நடந்தான். அவன் காலில் ரத்தம் வடிந்தபோது பேச்சைத் திருப்பிவிட ஒரு எதிரி தேவைப்பட்டான். டில்லிக்கு வந்திருந்த தப்லீக் ஜமாஅத்தின் வெளிநாட்டு முஸ்லிம்கள் கிடைத்தார்கள். முஸ்லிம் ஜனங்கள் நிறைந்த கோட்டக்குப்பம் போன்ற ஊர்களை அந்தப் பேச்சு எப்படிச் சுட்டிருக்கும்! அந்த வெளிநாட்டார் பலிகடா ஆக்கப்பட்டதாகத் தெரிகிறது என்று பம்பாய் ஹைகோர்ட்டின் அவுரங்காபாத் பெஞ்சு 2020 ஆகஸ்டில் கூறி வழக்குகளைத் தள்ளியது.

அடுத்த மாதமே வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தைச் சிறிய அமைப்புக்குப் பகிரக்கூடாது என்றார்கள், நோய் பரவிக்கொண்டிருந்த நேரத்தில்! 2021 டிசம்பரில் அன்னை தெரஸாவின் மிஷனரீஸ் ஆப் சாரிட்டிக்கு அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தார்கள். கண்டனம் எழுந்து, 2022 ஜனவரியில் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா? கட்டாயம் கேட்க வேண்டும், எல்லோரிடமும். ஆனால் 2020 மார்ச்சில் பிரதமர் தலைமையில் தொடங்கிய பி.எம். கேர்ஸ் நிதிக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கு. தகவல் உரிமைச் சட்டத்துக்கும் அது கட்டுப்படாது என்கிறார்கள். கன்னிமாடத்துக்கு ஒரு சட்டம், கோட்டைக்கு ஒரு சட்டமா?

நம் நிலை இதுதான். நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்த கை எந்த நாட்டுக் கையாயினும், எந்த மதக் கையாயினும், அதற்கு நன்றி சொல்வோம். தண்ணீர் கொடுப்பதற்கு முன் மதத்தைக் கேட்பவனை, அவன் யாராயினும், எதிர்ப்போம். யார் எந்தச் சாமியைக் கும்பிடுவது என்பது அவரவர் பாடு. ஆனால் நோய்க்காலத்தில் கூலியும் ரேஷனும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவும் பகலும் டாக்டரும் மருந்தும் நமக்குப் பிச்சையல்ல, உரிமை. அதை ஒன்றுபட்டுக் கேட்போம்.

கஞ்சி ஊற்றியவன் மதத்தை ஆராய்வதிலேயே நாம் பொழுதைக் கழித்தால், கூலியைக் குறைத்தவன் சிரித்துக்கொண்டே தப்பிப்பான். 1877-ல் தப்பித்தான். இனியும் தப்பவிடலாமா?