எஸ்குவிலின் குன்றில் விழுந்த பனி



ஆண்டுதோறும் ஜூலை 26ஆம் தேதி தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் திருவிழாக் கொடி ஏறுகிறது. சிறுவயதில் அந்தப் பெயர் எனக்குப் பெரிய புதிர். "நம்ம ஊர்ல பனி எங்கம்மா பெய்யுது?" என்று கேட்டால், "மார்கழில பெய்யுதுல்லா, அதாம்ல" என்பார் அம்மா. வெள்ளையாகக் குவிந்து நான் பார்த்ததெல்லாம் உப்பளத்து அம்பாரம்தான்.

2018 பிப்ரவரி 26, திங்கட்கிழமை. ரோம் நகர விடுதியில் ஜன்னலைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தெருவில் நின்ற கார்கள், ஸ்கூட்டர் இருக்கைகள், எதிர்வீட்டு மரத்தில் பழுத்துத் தொங்கிய ஆரஞ்சுகள், எல்லாவற்றின் மேலும் வெண்பனி. முந்தின நாள்வரை ஓயாமல் இரைந்த தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

ரோமில் பனி விழுவது அபூர்வம். அதற்கு முன் 2012இல் பெய்தது. இம்முறை சைபீரியாவிலிருந்து வந்த குளிர்காற்று கொண்டுவந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை, கொலோசியமும் மூடல். பார்க்க வந்த இடம் பூட்டிக் கிடந்தும் எனக்கு வருத்தமே இல்லை. புனித பேதுரு சதுக்கத்தில் இளம் குருமார்கள் பனியை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் கோட்டுக் கையில் ஒரு துகள் வந்து உட்கார்ந்தது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆறு முனை, ஒவ்வொரு முனையிலும் மயிரிழையாகக் கிளைகள். கைதேர்ந்தவர் இழுத்த கோலம்தான். மூச்சுப் பட்டதும் நீராகிவிட்டது.

அங்கிருந்து நடந்தே எஸ்குவிலின் குன்றுக்குப் போனேன். 4ஆம் நூற்றாண்டில் ஓர் ஆகஸ்ட் 5 அன்று, கொளுத்தும் கோடையில், மாதாவின் அருளால் இந்தக் குன்றில் பனி பெய்ததாம். அது விழுந்த இடத்தில்தான் கோயில் எழுந்தது என்பது மரபு. இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் அந்தக் கோயிலான மேரி மேஜர் பேராலயத்தின் கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பனிபோல் உதிர விடுகிறார்கள். தூத்துக்குடி மாதாவின் பெயர் இந்தப் பனியிலிருந்து வந்தது. நான் போனபோது, பேராலயத்தின் படிகளில் நிஜப் பனியே கிடந்தது. குனிந்து ஒரு கை அள்ளினேன். அம்மாவிடம் காட்ட முடியவில்லையே என்றுதான் இருந்தது.

வருகிற ஆகஸ்ட் 5 அன்று எங்கள் ஊரில் பெருவிழா. வர முடிந்தவர்கள் அவசியம் வாருங்கள். நீங்கள் முதன்முதலாகப் பனியைத் தொட்ட நாளைப் பற்றி எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்